பெப்டைட்: மருந்தகக் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவமனை மருந்தகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பது என் வேலை. இரண்டு மூன்று வருடமாக ‘பெப்டைட்’ என்ற சொல் எல்லோர் வாயிலும் வருகிறது. எடை குறைய ஊசி போடுகிறவர்கள், குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர்கள், ஜிம்முக்குப் போகும் பையன்கள், முகத்துக்கு சீரம் தேடுகிறவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவ்வப்போது குறித்து வைத்திருந்ததை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். யாருக்கு எவ்வளவு டோஸ் என்பது இதில் இல்லை. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். சீட்டிலும் டப்பாவிலும் வரும் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும்தான் இங்கே.

1. “பெப்டைட்னா என்ன மேடம்? அது ஒரு மருந்தோட பேரா?”

இல்லை, ஒரு வகையின் பெயர். “மாலை வேணும்” என்று பூக்கடையில் கேட்டால் என்ன மாலை என்று திருப்பிக் கேட்பார்கள் இல்லையா, அப்படித்தான் இதுவும்.

அமினோ அமிலம் என்ற சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்த சரம்தான் பெப்டைட். கதம்பம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்: மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, மறுபடி மல்லி. நம் உடல் புரதம் கட்ட எடுக்கும் பூ வகைகள் 20. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசை மாறினால் சரம் வேறு, அது செய்யும் வேலையும் வேறு. இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுவிடும். அங்கே விழும் முடிச்சுக்குத்தான் பெப்டைட் பிணைப்பு என்று பெயர். ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷரும் அவருடைய சகாவும் 1901-இல் இரண்டு கிளைசின்களை இப்படிக் கோத்துக் காட்டினார்கள். பெயர் வைத்ததும் ஃபிஷர்தான், செரிமானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து.

டயட் குளிர்பானங்களில் இருக்கும் அஸ்பார்டேம் இரண்டு பூ வைத்த சரம். பிரசவ அறையில் போடும் ஆக்ஸிடோசின் ஒன்பது. எடைக்கும் சுகருக்கும் போடும் செமாகுளுடைட் 31. அதனால் “பெப்டைட் நல்லதா கெட்டதா?” என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எந்தப் பெப்டைட் என்று சொல்லுங்கள், பேசலாம்.

2. “அப்போ புரோட்டீனும் இதுவும் ஒண்ணுதானே?”

ஒரே நூல், ஒரே முடிச்சு, நீளம்தான் வேறு. சின்னதாக இருந்தால் பெப்டைட், நீளமாகி மடிந்து சுருண்டு ஒரு வடிவத்தில் நின்றால் புரோட்டீன். எந்த இடத்தில் கோடு போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 50 அமினோ அமிலம் வரை பெப்டைட் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 40 வரைக்கும்தான் பெப்டைட் என்று வைத்திருக்கிறது. இன்சுலினில் 51. இந்தக் கணக்குகளின்படி அது புரோட்டீன், பேச்சுவழக்கில் பெப்டைட் ஹார்மோன். இரண்டையும் கேட்பீர்கள், குழம்ப வேண்டாம்.

3. “டாக்டர் ‘சி-பெப்டைட்’னு எழுதியிருக்கார். அந்த ஊசி எவ்வளவு?”

அது ஊசி இல்லை, ரத்தப் பரிசோதனை. இந்தக் கேள்விக்கு மாதம் ஒருவரையாவது லேப் பக்கம் அனுப்பிவைக்கிறேன்.

கணையம் முதலில் ஒரே நீளச் சரமாகத்தான் இன்சுலினைக் கட்டுகிறது. பிறகு நடுவில் 31 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. இரண்டு பக்கமும் மிச்சமிருப்பது இன்சுலின், வெட்டிய துண்டு சி-பெப்டைட். ஒரு இன்சுலின் வெளியே வந்தால் கூடவே ஒரு சி-பெப்டைட்டும் வரும். கடையில் வாங்கும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. அதனால் தினமும் இன்சுலின் போடுகிறவருக்கும், அவருடைய சொந்தக் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்பதை இதை அளந்து தெரிந்துகொள்ளலாம். கெட்டிக்காரத்தனமான சோதனை.

லேப் சீட்டில் வரும் ‘ஆன்டி சி.சி.பி.’ முடக்குவாதத்துக்கான சோதனை, ‘என்.டி. புரோ பி.என்.பி.’ இதயச் செயலிழப்புக்கானது. அந்தப் பெயர்களிலும் கடைசி ‘பி’ என்பது பெப்டைட்தான். மூன்றுமே சோதனைகள், மருந்து இல்லை.

4. “எல்லாத்துக்கும் மாத்திரை வருது, இதுக்கு மட்டும் ஏன் ஊசி?”

வயிற்றுக்கு மருந்து எது, பருப்பு எது என்று தெரியாது. பெப்டைட் பிணைப்பைக் கண்டால் வெட்டும். அதற்காகவே பெப்சின், டிரிப்சின் என்று நொதிகள் இருக்கின்றன. இன்சுலினை வாயில் ஊற்றினால் அது வெறும் உணவு. தப்பிப் பிழைத்த சரமும் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக முடியாத அளவு பெரியது.

விதிவிலக்கு உண்டு. செமாகுளுடைட் மாத்திரையாகவும் வருகிறது. வயிற்றுச் சுவரில் அந்த இடத்தில் மட்டும் மருந்தை உள்ளே விடுகிற ஒரு துணைப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் உள்ளே போவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஊசியில் வாரத்துக்கு 1 மி.கி. என்று வரும் மருந்து, மாத்திரையில் தினம் 14 மி.கி. என்று வருவதற்குக் காரணம் இதுதான். காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் காபி உட்பட எதுவும் தொடாமல் இருக்கச் சொல்வதும் இதனால்தான். “காபியோட போட்டா என்ன?” என்று கேட்டவருக்குச் சொன்னது: அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது காபியோடு போய்விடும்.

5. “இதெல்லாம் பன்றியிலிருந்து எடுக்கிறதாமே?”

ஒரு காலத்தில் இன்சுலின் அப்படித்தான் வந்தது, பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து. 1982-இல் மனித இன்சுலினின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வளர்த்தது.

சின்னச் சரங்களுக்கு இன்னொரு வழி, வேதியியல் முறையில் ஒவ்வொன்றாகக் கோப்பது. அமெரிக்கர் புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் சொன்ன யோசனை எளிமையானது: முதல் அமினோ அமிலத்தை ஒரு பிளாஸ்டிக் மணியில் ஒட்டவை, அடுத்ததைச் சேர், மிச்சத்தைக் கழுவி ஊற்று, மறுபடி சேர், மறுபடி கழுவு. சரம் மணியில் ஒட்டியே இருப்பதால் கழுவும்போது போகாது. கடைசியில் அமிலம் ஊற்றி மணியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும். இதற்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு முடிச்சும் நூற்றுக்கு நூறு விழாது. ஒரு முடிச்சு 99 சதவீதம் சரியாக விழுகிறது என்று வையுங்கள். 30 முடிச்சுக்குப் பிறகு முழுச் சரம் 74 சதவீதம்தான் தேறும். 95 சதவீதம் என்றால் வெறும் 21. மிச்சமெல்லாம் ஒரு பூ விட்டுப்போன, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற அரைகுறைச் சரங்கள். அவற்றைப் பிரித்து எடுப்பதில்தான் செலவும் திறமையும் இருக்கிறது. 15-ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

6. “சீசாவுல அடியில கொஞ்சம் வெள்ளையா ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். மருந்து கொட்டிப்போச்சா?”

கொட்டவில்லை, அதுதான் மருந்து. பெப்டைட் தண்ணீரில் கிடந்தால் நாளடைவில் சிதையும். அதனால் கரைசலை உறையவைத்து, காற்றை உறிஞ்சி, பனிக்கட்டியை உருகவிடாமல் நேரடியாக ஆவியாக்கிவிடுவார்கள். சீட்டில் ‘லையோஃபிலைஸ்டு’ என்று இருந்தால் இந்த உறைநிலை உலர்த்தல்தான். மிஞ்சுவது பஞ்சுமிட்டாய் போல ஒரு வில்லை. அதிலும் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி மானிட்டால் போன்ற நிரப்புப்பொருள்தான். கால் மில்லிகிராம் மருந்து தனியாகக் கிடந்தால் சீசாவில் உங்கள் கண்ணுக்கே படாது.

7. “எந்தத் தண்ணி ஊத்தணும்? ஆர்.ஓ. தண்ணிய நல்லா கொதிக்கவச்சு ஆறவச்சா போதாதா?”

போதாது. கொதித்தால் கிருமி சாகும், செத்த கிருமியின் உடைந்த தோல் தண்ணீரில் கிடக்கும். அதற்கு எண்டோடாக்சின் என்று பெயர். குடித்தால் ஒன்றும் செய்யாது. ஊசி வழியாகப் போனால் குளிர்காய்ச்சலில் தொடங்கி ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். ஊசிக்கான தண்ணீரில் அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கிறது என்று சோதித்துத்தான் விற்கிறார்கள்.

டப்பாவில் மருந்தோடு ஒரு தண்ணீர் சீசாவோ, தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சோ வந்தால் அதை மட்டுமே பயன்படுத்துங்கள். ‘ஸ்டெரைல் வாட்டர் ஃபார் இஞ்செக்ஷன்’ என்றால் கிருமியில்லாத தண்ணீர், வேறொன்றும் கலக்காதது. ஒரு தடவை திறந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ‘பாக்டீரியோஸ்டாட்டிக்’ என்றால் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் சேர்த்தது. கிருமி பெருகாது, வழக்கமாகத் திறந்து 28 நாள் வரை அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கலக்கிய மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பது தனிக் கணக்கு, அது மருந்தின் உள்தாளில் இருக்கும். பிறந்த குழந்தைகளுக்குப் பென்சைல் ஆல்கஹால் ஆபத்து, அவர்களுக்கு இந்தத் தண்ணீர் கூடவே கூடாது.

8. “சிரப் மாதிரி நல்லா குலுக்கிட்டேன், நுரையா வருது. பரவாயில்லையா?”

அடுத்த தடவை குலுக்காதீர்கள். நுரை என்றால் காற்றும் தண்ணீரும் சேரும் பரப்பு அதிகம். பெப்டைட் சரங்கள் அந்தப் பரப்பில் போய் ஒட்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நுரையோடு உறிஞ்சினால் அளவும் குறையும். தண்ணீரைத் தூள் மேல் பீய்ச்சாமல் சீசாவின் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். பிறகு சீசாவை உள்ளங்கையில் வைத்துச் சுழற்றினால் போதும், கரைந்துவிடும். கரைந்தபின் கலங்கலோ துகளோ இருந்தால் போடாமல் கொண்டுவந்து காட்டுங்கள்.

பால் போலக் கலங்கலாகவே இருக்க வேண்டிய இன்சுலின்களும் உண்டு. அவற்றை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்க வேண்டும், அங்கேயும் குலுக்கல் கிடையாது.

9. “0.25னு எழுதியிருக்கு. அப்போ சிரிஞ்சுல கால்வாசி எடுத்தா சரிதானே?”

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கேட்டதே நல்லதாய்ப் போயிற்று. மனைவிக்குக் கருத்தரிப்பு சிகிச்சை நடக்கிறது, செட்ரோரெலிக்ஸ் என்ற பெப்டைட் ஊசியை வீட்டிலேயே போடச் சொல்லியிருந்தார்கள். சீசாவில் 0.25 மி.கி. தூள், சிரிஞ்சில் 1 மி.லி. தண்ணீர். அவர் 0.25 மி.லி. மட்டும் போடலாம் என்று இருந்தார். அப்படிப் போட்டிருந்தால் உள்ளே போயிருப்பது கால் பங்கு மருந்துதான். தூள் முழுவதும் அந்த 1 மி.லி.யில் கரைந்திருக்கிறது, முழுவதையும் போட வேண்டும்.

மி.கி. என்பது மருந்தின் எடை. மி.லி. என்பது திரவத்தின் அளவு. ஒரு கரண்டி உப்பை ஒரு டம்ளரில் கரைத்தாலும் ஒரு சொம்பில் கரைத்தாலும் உப்பு ஒரு கரண்டிதான். ஒரு மடக்கில் எவ்வளவு உப்பு வரும் என்பதுதான் மாறும். ‘ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.’ என்பதற்குப் பெயர் செறிவு. சீட்டில் மி.கி. எழுதியிருந்து உங்கள் கையில் இருப்பது மி.லி. சிரிஞ்சு என்றால் செறிவு தெரியாமல் எடுக்கவே கூடாது. அப்புறம், 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். இரண்டையும் மாற்றிப் படித்தால் தப்பு ஆயிரம் மடங்கு.

‘யூனிட்’ இந்த இரண்டிலும் சேராது. அது மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் அளவு. தூய இன்சுலின் கிடைக்காத காலத்தில் முயலுக்குப் போட்டு, சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வைத்த கணக்கிலிருந்து வந்தது. இன்று ஒரு யூனிட் இன்சுலின் என்பது சுமார் 0.035 மி.கி. வேறொரு மருந்தின் யூனிட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

10. “சிவப்பு மூடி சிரிஞ்சு இல்ல, ஆரஞ்சு மூடி இருக்குன்னாங்க. ரெண்டும் இன்சுலின் சிரிஞ்சுதானே?”

இரண்டும் இன்சுலின் சிரிஞ்சுதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை. நம் நாட்டில் சீசாவில் வரும் இன்சுலின் பெரும்பாலும் யூ-40, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி. யூ-100 சீசாவுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் கோடுகள் அந்தந்த இன்சுலினுக்காகவே போட்டவை.

யூ-40 இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸைக் கூட்டுவார். தலைகீழாக, யூ-100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் 25 யூனிட். இது ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைத்ததை வாங்கும்போதுதான் இது நடக்கிறது. சீசாவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள்.

இந்தக் கோடுகளை வேறு மருந்துக்கு ‘யூனிட்’ என்று படிப்பதும் தவறு. செமாகுளுடைட்டுக்கோ, அதே மாதிரி எடைக்கும் சுகருக்கும் போடும் டிர்செபடைடுக்கோ யூனிட்டே கிடையாது, மி.கி.தான். “எத்தனை யூனிட் போடணும்?” என்று ஒருவர் கேட்டால், யாரோ அவருக்கு இன்சுலின் சிரிஞ்சில் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

11. “ராத்திரி பூரா கரண்ட் இல்ல. ஊசியைத் தூக்கிப் போட்டுடணுமா?”

அவசரப்பட வேண்டாம். திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வது மாதக்கணக்கில் கெடாமல் இருக்க. திறந்த இன்சுலின் சீசா, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். சில வகைகளுக்கு 25 டிகிரிதான் வரம்பு, உள்தாளைப் பாருங்கள். சில மணி நேரம் ஃப்ரிட்ஜ் ஓடாததால் எல்லாம் வீணாகாது. கோடையில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் சீசாவைத் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். பழைய வழக்கம்தான், வேலை செய்கிறது.

மின்சாரம் போனதைவிட நான் பயப்படுவது ஃப்ரீசருக்கு. உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்து எடுத்துப் போனாலும் இதே கதி. உறைந்தது என்று சந்தேகம் வந்தால் அதைப் போடாதீர்கள்.

12. “இன்சுலின் தினமும் போடுறோம், இந்த செமாகுளுடைட் மட்டும் எப்படி வாரத்துக்கு ஒண்ணு?”

சாப்பிட்டதும் நம் குடலே ஜி.எல்.பி.-1 என்ற பெப்டைட்டை விடுகிறது. அதன் அரை ஆயுள் சுமார் இரண்டு நிமிடம். அரை ஆயுள் என்றால், இருக்கிற அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். டி.பி.பி.-4 என்ற நொதி கத்திரிக்கோல் மாதிரி அதன் நுனியைக் கத்தரித்துவிடுகிறது. ஜி.எல்.பி.-1-ஐப் பார்த்துச் செய்த செமாகுளுடைட்டில் கத்திரி படும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டார்கள், கூடவே ஒரு கொழுப்பு வாலையும் தொங்கவிட்டார்கள். அந்த வால் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு சுற்றும். இப்போது அரை ஆயுள் ஒரு வாரம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஊசியை நிறுத்தினாலும் மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வெளியேற ஐந்து வாரம் ஆகும். கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

சிட்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்ற சுகர் மாத்திரைகள் பெப்டைட் இல்லை. அவை அந்தக் கத்திரிக்கோலைக் கட்டிப்போடுகிறவை. அவற்றோடு இந்த ஊசியையும் சேர்ப்பதில் கூடுதல் பலன் இல்லை. இரண்டும் உங்கள் சீட்டில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

13. “கொலாஜன் பெப்டைட் பவுடர் குடிச்சா முகத்துல கொலாஜன் ஏறுமா?”

4-ஆம் கேள்வியைப் படித்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். மீன் தோல், மாட்டுத் தோல் கொலாஜனை முன்கூட்டியே நறுக்கி வைத்ததுதான் அந்தப் பவுடர். குடலில் அது இன்னும் நறுங்கும். சில குட்டித் துண்டுகள் ரத்தத்துக்குப் போவது உண்மை. அவை நேராகக் கன்னத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சைவக்காரர்கள் டப்பாவில் மூலப்பொருளைப் பார்த்து வாங்குங்கள்.

14. “மாட்டுக்கு ஊசி போட்டுக் கறக்குறாங்களே, அந்தப் பெப்டைட் நம்ம உடம்புக்கு வராதா?”

அந்த ஊசி ஆக்ஸிடோசின், 1-ஆம் கேள்வியில் வந்த ஒன்பது பூச் சரம். பாலோடு வாய்வழி போனால் வயிற்றில் அதன் கதி பருப்பின் கதிதான். கொடுமை மாட்டுக்குத்தான். பால் கறக்க இப்படி ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம்.

15. “இந்தப் பெப்டைட் தூள் 99 சதவீதம் சுத்தம்னு சர்டிஃபிகேட்டே இருக்கு. அப்புறம் என்ன பயம்?”

அந்த 99 எதில் 99 என்று கேளுங்கள். எச்.பி.எல்.சி. என்ற கருவியில், மருந்தாகிய சரத்தையும் 5-ஆம் கேள்வியில் சொன்ன அரைகுறைச் சரங்களையும் பிரித்துப் பார்த்து, பெப்டைட்டுகளுக்குள் சரியான சரத்தின் பங்கு 99 என்கிறார்கள். தூளில் கலந்திருக்கும் உப்பும் ஈரமும் அந்தக் கணக்கில் வராது. ‘10 மி.கி.’ என்று ஒட்டியிருக்கும் தூளில் உண்மையான பெப்டைட் 7 அல்லது 8 மி.கி.யாகக்கூட இருக்கலாம். அதை ‘நிகர பெப்டைட் அளவு’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கிருமி இல்லாதது என்பதும், எண்டோடாக்சின் இல்லாதது என்பதும் வேறு இரண்டு சோதனைகள். எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த பொருளை வைத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். மருந்து என்று உரிமம் பெற்ற ஊசிக்கு இவை எல்லாமே கட்டாயம். 99 என்று மட்டும் அச்சடித்த தாளில் இவை பெரும்பாலும் இருக்காது.

16. “ஆன்லைன்ல வாங்கிட்டேன் அக்கா, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’னு சும்மா போட்டிருக்காங்க. எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு மட்டும் சொல்லுங்க.”

ஜிம் பையில் இருந்து எடுத்து அந்தத் தம்பி கவுன்ட்டரில் வைத்த சீசா இன்னும் நினைவில் இருக்கிறது. பி.பி.சி.-157 என்று பெயர், 5 மி.கி. என்று அளவு. தயாரிப்பாளர் முகவரி இல்லை, உற்பத்தி உரிம எண் இல்லை, பேட்ச் எண் இருக்க வேண்டிய இடம் காலி. தசைநார் காயம் ஆறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 15 அமினோ அமிலம் கொண்ட அந்தச் சரம் பற்றிப் பேசப்படுவதில் பெரும்பகுதி எலிச் சோதனைகளிலிருந்து வந்தது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022 முதல் பெயர் சொல்லி அதைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. மாவட்ட அளவில் ஓடுகிற பையனுக்கும் அது வம்புதான்.

தண்ணீர்க் கணக்கு சொல்ல எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. 9-ஆம் கேள்வியில் உள்ள கணக்கெல்லாம் சீசாவில் எழுதியிருப்பது உண்மை என்ற நம்பிக்கையில் போடுவது. உள்ளே இருப்பது அதே சரம்தானா, 5 மி.கி.தானா, கிருமி இல்லாததா என்று யாரும் பொறுப்பேற்காத தூளுக்கு எந்தக் கணக்குப் போட்டாலும் சரியாக வராது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்பது சும்மா போட்ட வரி இல்லை. மனிதனுக்குப் போட்டு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று விற்றவர் முன்கூட்டியே சொல்லிவைப்பது அது.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு: போட்ட இடம் சிவந்து சூடாகி வீங்கினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் தடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெட்கப்பட்டு வைட்டமின் ஊசி என்று சொல்லிவிடாதீர்கள். மிச்ச சீசாவையும், கலக்கிய தண்ணீர் சீசாவையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் கொடுங்கள்.